நாங்கு மரத்துக்குள் இருந்தவன்

முன்னே முன்னே, மலையைப் பார்த்து மனுஷன் பயந்துகொண்டிருந்த காலத்திலே, ஈரமலை என்று ஒரு மலை இருந்தது. மழை நின்ற பிறகும் இலை சொட்டிக்கொண்டே இருக்கிற காடு அது. அந்தக் காட்டிலே நாங்கு என்று ஒரு மரம். பூவைப் பார்த்தால் பரம சாது. வெள்ளை இதழ் நாலு, நடுவிலே மஞ்சள் கொத்து, கிட்டே போனாலே மயக்குகிற வாசம். தளிர் மட்டும் ரத்தச் சிவப்பு. ஆனால் கோடாலியை ஓங்கினால்தான் சங்கதி தெரியும். இரும்பு ஐயா, அசல் இரும்பு! தண்ணீரிலே போட்டால் மிதக்காது, முங்கிப்போகும். ஒரு மரம் சாய்க்க ஒரு மாசம் ஆகும். கதை விடுறேன்னு சிரிக்காதீங்க, ஒரு மரத்தை வெட்டிப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

அந்த மலையிலே மரம்வெட்டிகள் ஊர் ஒன்று இருந்தது, முப்பது குடிசை. அவர்களுக்கு ஒரு வழக்கம். வெட்டுவதற்கு முன்னால் கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தை மூன்று தட்டு தட்டுவார்கள். டொக், டொக், டொக்.

"உள்ளே ஆளிருந்தா ஒரு குரல் கொடு,
ஆளில்லேன்னா எங்களுக்கு மரத்தைக் கொடு!"

இப்படிக் கேட்டுவிட்டு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் காத்திருப்பார்கள். எதற்கு? இருவாச்சிக்காக. நீண்ட மஞ்சள் அலகும் அதன்மேல் ஒரு கொண்டையுமாகப் பறக்குமே, அந்தப் பறவை. முட்டையிடுகிற காலத்திலே பெட்டை மரப்பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை மண் வைத்து அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். மூன்று மாசமும் சேவல் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். குஞ்சு தேறின பிறகு பெட்டை உள்ளேயிருந்தே சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மரத்தைத் தட்டினால் உள்ளே இருக்கிறது கத்தும். கத்தினால் அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஊரிலே கொம்பையன் என்று ஒருத்தன். அவன் பெண்டாட்டி சடைச்சி. அவன் வெட்டுவான், அவள் கோடாலி தீட்டுவாள். காலையிலே தீட்டு, மத்தியானம் தீட்டு, பொழுது சாயத் தீட்டு. உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய்க் கிடந்தன.

"உன்னோட குடும்பம் நடத்தினதைவிட இந்தத் தீட்டுக்கல்லோட நடத்தினதுதான் அதிகம் மாமா" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் கை வலி வலிதானே.

அந்த நாட்டு ராஜா இடும்பராயன். அவனுக்குச் சாவு என்றால் கிலி. தும்மினால் வைத்தியன், இருமினால் ஜோசியன். அவனைத் தேடி ஊமத்தன் என்று ஒரு மந்திரவாதி வந்தான். ஒல்லி உடம்பு, வெளுத்த கண், பேசினால் தேன் ஒழுகும்.

"ராஜாவே, ஏழு நாங்கு மரத்தை வெட்டி ஏழு தூண் நிறுத்து. அந்த மண்டபத்துக்குள்ளே எமன் காலை வைக்க மாட்டான்" என்றான்.

ராஜாவுக்கு அது போதுமே! உடனே மலைக்கு ஆள் போயிற்று. "இந்த வருஷத்து நாங்குப் பூ உதிர்ந்து முடியறதுக்குள்ளே ஏழு மரம் வரணும். வரலேன்னா ஊரோடு கொளுத்திடுவோம்." பூ உதிர இரண்டே மாசம்தான் இருந்தது. ஊரே கூடி மாற்றி மாற்றி வெட்டினாலும் ஏழு மரத்துக்கு ஏழு மாசம் வேண்டும். ஊர் ஜனங்கள் அழுதார்கள்.

அப்போது ஊமத்தனே ஊருக்கு வந்தான். கையிலே ஒரு கறுப்புக் கோடாலி. அதை நேரே சடைச்சியின் முன்னால் வைத்தான்.

"தாயே, இதைத் தீட்டவே வேண்டாம். நாங்கு மரம் இதுக்கு வாழைத்தண்டு. மூணே மூணு நிபந்தனை. தட்டக் கூடாது, கேட்கக் கூடாது, காத்திருக்கக் கூடாது."

கொம்பையன் பின்வாங்கினான். "கேட்காம எப்படிய்யா வெட்டறது? அது எங்க வழக்கம் இல்லியே."

சடைச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தீ வைக்கப்போகிற ஊரையும் பார்த்தாள். "வாங்கிக்கோ மாமா. மரத்துக்கு மரம் வெத்தலை மென்னுக்கிட்டு நின்னா ஊரு சாம்பலாயிடும்" என்றாள். அவன் வாங்கிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பின்னாலே பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

முதல் மரத்தைத் தட்டாமல் வெட்டினான். உச்சி வெயிலுக்குள் மரம் சாய்ந்தது. ஊரே கூத்தாடிற்று. சாய்ந்த மரத்தின்மேல் ஒரு சேவல் இருவாச்சி மூன்று நாள் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஊரிலே ஆள் காணாமல் போக ஆரம்பித்தது. தேன் எடுக்கப் போனவன் வரவில்லை. இரண்டாவது மரம் சாய்ந்தது. கிழங்கு தோண்டப் போனவள் வரவில்லை. மூன்றாவது மரம் சாய்ந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஒருத்தன் சுனைக்குப் போனான், போனவன்தான். நாலாவதும் சாய்ந்தது. பிறகு கொம்பையனின் சொந்த அண்ணன் உடும்பனே காணாமல் போனான்.

"புலிதான்! புலிதான்!" என்று ஊர் அலறியது. கொம்பையன் ஆறு நாள் காடெல்லாம் அண்ணனைத் தேடினான். கிடைக்கவில்லை. ராஜா சேவகர்கள் வந்து நிற்க, ஏழாம் நாள் போய் ஐந்தாவது மரத்தை வெட்டினான். அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. உடும்பனின் பெண்டாட்டி வெள்ளச்சி எதிரே வந்தால் வேறு வழியாகப் போனான். ஆடு மேய்த்த ஒரு பெண்ணும் காணாமல் போனாள். ஆறாவது மரமும் சாய்ந்தது.

பிறகு கொம்பையனே காணாமல் போனான். கறுப்புக் கோடாலி மட்டும் வாசலிலே கிடந்தது.

சடைச்சி அழுதாள். காடே எதிரொலிக்க அழுதாள். பூ உதிர இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. புலிக்குப் பயந்து ஊரிலே ஒருத்தரும் காட்டுக்குக் காலெடுத்து வைக்கவில்லை. சரி, போன புருஷன் போய்விட்டான், இருக்கிற ஊராவது மிஞ்சட்டும் என்று அவளே அந்தக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கோடாலி அவளை இழுத்துக்கொண்டே போயிற்று. ஆளுயரத்துக்குப் பத்து மடங்கு உயர்ந்து, சிவப்புத் தளிரும் வெள்ளைப் பூவுமாக நின்ற ஒரு மரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. சடைச்சி ஓங்கினாள். தொப்பென்று ஒரு அத்திப்பழம் அவள் தலையிலே விழுந்தது.

"தட்டிட்டு வெட்டு" என்றது ஒரு குரல்.

மேலே பார்த்தாள். சேவல் இருவாச்சி.

"அம்மாடி, நீ பேசுவியா?"

"எப்பவும் பேசுவேன். நீங்கதான் கேட்கறதை விட்டுட்டீங்க. முதல்ல வெட்டினீங்களே ஒரு மரம், அதுக்குள்ளே என் பெட்டை இருந்தா. ரெண்டு குஞ்சும் இருந்துது. நான் பழத்தோட வந்து பார்த்தேன். வாசலே இல்ல."

சடைச்சி ஓங்கின கையை இறக்கினாள். கோடாலியைத் திருப்பிப் பிடித்து மரத்தை மூன்று தட்டு தட்டினாள். டொக், டொக், டொக்.

"உள்ளே ஆளிருந்தா ஒரு குரல் கொடு,
ஆளில்லேன்னா எங்களுக்கு மரத்தைக் கொடு!"

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆளில்ல. வெட்டிட்டுப் போ சடைச்சி."

ஐயோ, அது கொம்பையன் குரல்!

"மாமா!" என்று மரத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ எப்படி உள்ளே போனே?"

"பின்னாலேருந்து எவனோ மஞ்சள் பொடி ஊதினான். கண்ணைத் திறந்தா சுத்தி மரம்."

இருவாச்சி கீழ்க்கிளைக்கு வந்தது. "எல்லாம் ஊமத்தன் வேலை. உயிரை உள்ளே வச்சு வெட்டின மரம் ஏழு சேரணும். சேர்ந்தா அந்த ஏழு உயிரோட ஆயுசும் அவனுக்கு. ராஜாவுக்கு ஒண்ணும் கிடையாது. முதல் மரத்துல என் பெட்டை இருந்தா, அது அவனுக்குச் சும்மா கிடைச்சுது. மத்த மரத்துல எல்லாம் அவனே ஆளை அடைச்சான். உங்க ஊர்க் கை பிடிச்சாத்தான் அந்தக் கோடாலி வெட்டும். அதுவும் கேட்காம வெட்டற கை வேணும்."

சடைச்சி கோடாலியை வீசி எறிந்தாள். "என் புருஷனை எப்படி வெளியே எடுக்கறது?"

"நீ எடுக்க முடியாது. எங்க சாதியில வாசலை உள்ளே இருக்கறவதான் உடைப்பா. வெளியே இருக்கறவன் ஊட்டத்தான் முடியும். நான் ஒரு கீறல் போட்டுத் தரேன், நீ ஊட்டு. உடைக்கிறதும் உடைக்காததும் அவன் பாடு."

இருவாச்சி தன் அலகால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டது. சடைச்சி வீட்டுக்கு ஓடிப்போய்க் கேழ்வரகுக் களி கிண்டி எடுத்து வந்தாள். உருட்டி உருட்டிக் கீறலுக்குள்ளே வைத்தாள். களி அப்படியே திரும்பி வெளியே வந்து விழுந்தது.

"சாப்பிடு மாமா."

"எனக்குச் சோறு எதுக்கு? நான் யாரை வெட்டினேன்னு தெரியும்ல?"

"தெரியும். தெரியாமத்தானே வெட்டினே."

இன்னொரு உருண்டையும் கீறல் வழியாக வெளியே வந்து விழுந்தது. பிறகு கொம்பையன் சொன்னான். "அஞ்சாவது மரத்துல குரல் கேட்டுது புள்ள. 'தம்பி'ன்னு கேட்டுது. காத்து, காத்துன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வெட்டினேன். இப்ப என் முறை. வெட்டு."

சடைச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளாலே அழக்கூட முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே ஊமத்தன் வந்தான். மடியிலிருந்து பொன்னை எடுத்து அவள் காலடியில் கொட்டினான். "வெட்டு தாயே. உனக்கு ராணி மாதிரி வாழ்க்கை" என்றான். அவள் பொன்னைக் காலாலே தள்ளிவிட்டு, கீழே விழுந்த களியைத் தட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டான்.

இரண்டாம் நாளும் களி கொண்டுவந்தாள். "மாமா, கோடாலியை வாங்கிக்கோன்னு சொன்னவ நான். உன் கைக்கு ஒரு பாவம்னா என் வாய்க்கும் அந்தப் பாவம் உண்டு. நீ அங்கே உட்கார்ந்து சாகறேன்னா, நானும் இங்கே உட்கார்ந்து சாகறேன். ரெண்டு பேரும் செத்தா யாருக்கு லாபம்? அந்த ஊமத்தனுக்குத்தான்!" என்று திட்டினாள். கீறலிலே வைத்த முதல் உருண்டை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது உருண்டை விழவில்லை.

அன்றைக்கு ஊமத்தன் புலியாக வந்தான். உறுமினான், மண்ணைப் பிறாண்டினான். சடைச்சி கீறலை முதுகாலே மறைத்துக்கொண்டு நகராமல் நின்றாள். "கடிச்சுக்கோ. ஊர்க் கை வேணும்னா என்னைக் கடிச்சா உனக்குத்தானே நஷ்டம்!" என்றாள். புலி வாலைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

மூன்றாம் நாள் மரத்திலே பத்தே பத்துப் பூதான் மிச்சம். களியை ஊட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலே காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் கொம்பையன் நிற்கிறான்! அதே தழும்பு, அதே நடை, அதே கிழிந்த வேட்டி.

"சடைச்சி, புலிகிட்டேருந்து தப்பிச்சு வந்துட்டேன். யாருக்கு ஊட்டிக்கிட்டு இருக்கே? உள்ளே இருக்கறது பேய் புள்ள! என் குரல்ல பேசி உன்னை ஏமாத்துது. எடு கோடாலியை, வெட்டு!"

மரத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதிரே நிற்கிறவனைத் தொட்டுப் பார்த்தாள். சூடான கை, மனுஷக் கைதான். எனக்கும் உங்களுக்கும் அங்கே என்ன தோன்றியிருக்கும், சொல்லுங்க பார்ப்போம்! ஆனால் அவள் மரம்வெட்டி வீட்டுப் பெண்.

"சரி மாமா, வெட்டறேன். அதுக்கு முன்னாலே நீ மூணு தட்டு தட்டிக் கேளு. நம்ம வழக்கம்தானே?"

அவன் முகம் வெளுத்தது. "அதுக்கெல்லாம் நேரம் இல்ல" என்றான்.

"ஒரு வெத்தலை மெல்லற நேரம்தான். தட்டு."

"தட்ட மாட்டேன்!" என்று கத்தினான். கத்தினதும் கொம்பையன் தோல் உரிந்து விழுந்து, ஊமத்தன் நின்றான். பாய்ந்து வந்து, கீழே கிடந்த கோடாலியை எடுத்து, அவள் இரண்டு கையையும் அதன் காம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். ஒல்லி உடம்பிலே அத்தனை பலம்! அவள் கையாலேயே கோடாலியை ஓங்கினான். சடைச்சி திமிறினாள், முடியவில்லை. மரத்தைத் தட்டக் கை இல்லை. நெற்றியாலே மரத்தை முட்டினாள். டொக், டொக், டொக். ரத்தம் வழிந்தது.

"உள்ளே ஆளிருந்தா ஒரு குரல் கொடு!" என்று அலறினாள். "மாமா, ஒரே ஒரு குரல் கொடு!"

கோடாலி காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

"இருக்கேன்!" என்றான் கொம்பையன். "உள்ளே ஆளிருக்கேன்! வெட்டாதே!"

மரம் பிளந்தது. வெளியேயிருந்து இல்லை, உள்ளேயிருந்து. தோளாலே இடித்து, நகத்தாலே கிழித்து, சில்லு சில்லாகத் தெறிக்க அவன் வெளியே வந்து விழுந்தான். விழுந்த வேகத்திலே சடைச்சியையும் இழுத்துக்கொண்டு உருண்டான். கோடாலி காலியான பொந்துக்குள்ளே பாய்ந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்திருந்த ஊமத்தனும் கூடவே உள்ளே போனான். ஏழாவது மரத்துக்கு ஒரு உயிர் வேண்டியிருந்தது அல்லவா? எந்த உயிராயிருந்தால் அதற்கென்ன? பொந்து மூடிக்கொண்டது. இருவாச்சி போட்ட கீறல் மட்டும் மிச்சம்.

"தாயே, பசிக்குது! ஏதாவது கொடு தாயே!" என்று உள்ளேயிருந்து ஊமத்தன் கெஞ்சினான். சேவல் இருவாச்சி கீறல் பக்கத்திலே வந்து உட்கார்ந்தது. அலகிலே ஒரு அத்திப்பழம். அதை இப்படி உருட்டியது, அப்படி உருட்டியது. பிறகு தானே விழுங்கிவிட்டுப் பறந்து போயிற்று. மூன்று நாளிலே அந்தக் கெஞ்சல் நின்றது.

அந்தப் பக்கம் அரண்மனையிலே இடும்பராயன், ஏழாவது தூண் வருமுன்னாலேயே ஆறு தூணை நிறுத்திக் கூரை போட்டு, உள்ளே மெத்தையிலே படுத்துக் கிடந்தான். ஊமத்தன்மேல் பொந்து மூடி மாயம் அறுந்த அதே நாழிகையில் ஆறு தூணும் பலாப்பழம் மாதிரி நெடுக்காகப் பிளந்தன. எமன் வாசல் வழியாக வரவில்லை, கூரை வழியாக வந்தான். ராஜா கதை அத்தோடு முடிந்தது. அடுத்துப் பட்டத்துக்கு வந்த அவன் தங்கை, இனிமேல் ஈரமலையிலே அரண்மனைக்காக ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது என்று சாசனம் எழுதிக் கொடுத்தாள்.

பிளந்த தூண்களுக்குள்ளே ஐந்து பேரும் தூங்குகிற மாதிரி இருந்தார்கள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. முதல் தூணுக்குள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் இறகு கிடந்தது. செத்தவர்கள் எழுந்து வந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லையே, நான் என்ன செய்ய? ஊர் அவர்களைத் தூக்கி வந்து புதைத்தது.

புதைத்த மறுநாள் கொம்பையன் குளித்துவிட்டுக் கிளம்பினான். சடைச்சியும் கூடவே கிளம்பினாள். ஐந்து வீட்டு வாசலுக்கும் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும், "உங்க ஆளை வெட்டினது என் கை" என்று அவன் சொன்னான். "வாங்கச் சொன்னது என் வாய்" என்று அவள் சொன்னாள். ஒரு வீட்டிலே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டிலே மண்ணை வாரித் தூற்றினார்கள். இரண்டு வீட்டிலே கட்டிப் பிடித்து அழுதார்கள்.

கடைசியிலே அண்ணன் வீடு. வெள்ளச்சி வாசலிலே நின்றாள்.

"மதினி, அண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. காத்துன்னு நினைச்சு வெட்டிட்டேன்" என்றான். காலில் விழப்போனான்.

"விழாதே" என்றாள் வெள்ளச்சி. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "நான் உன்னை மன்னிக்கல கொழுந்தா. என்னைக்கும் மன்னிப்பேனோ என்னவோ, தெரியாது. ஆனா வீட்டுல விறகு இல்ல, மழை வருது. வெட்டிப் போட்டுட்டுப் போ."

கொம்பையன் காய்ந்த கட்டையைத் தேடி எடுத்து வந்து, பொழுது சாயும் மட்டும் அவள் வாசலிலே விறகு வெட்டினான். அந்த மழைக்கு வெட்டினான். அடுத்த மழைக்கும் வெட்டினான். மூன்றாவது மழையிலே, அடுப்பங்கரையிலிருந்து வெள்ளச்சி குரல் கொடுத்தாள்.

"நனையாதே தம்பி, உள்ளே வா."